பச்சை விளக்கு எரியும்வரை தொடும் குழந்தைகள்: தொடுதிரையைக் கொண்டு சிந்திக்கப் பழக்க முடியுமா?

கேள்வி: தொடக்கப் பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

ஆசிரியத் தோழர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் சேர்த்துக் கவனித்து வருகிறேன். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. என் பொறுப்பில் 23 குழந்தைகள் இருக்கிறார்கள். வகுப்பறையில் ஒரு பெரிய திரையும், என் பயன்பாட்டுக்கென ஒரு கையடக்கக் கணினியும் உள்ளன. இணைய இணைப்பு காலையில் நன்றாகவும் பிற்பகலில் விட்டு விட்டும் கிடைக்கிறது. கருவி இல்லை என்று குறை சொல்லும் நிலையில் நான் இப்போது இல்லை. கருவி வந்த பிறகு வகுப்பில் நடப்பதைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை உண்டாகியிருக்கிறது.

சென்ற மாதம் அறிவியல் பாடத்துக்காக ஒரு வினாடி வினாச் செயலியைக் குழந்தைகளிடம் கொடுத்தேன். "கீழ்க்கண்டவற்றுள் எது நீரில் மிதக்கும்?" என்ற கேள்விக்குக் கீழே நான்கு படங்கள் இருந்தன. ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி கேள்வியைப் படிக்காமலேயே முதல் படத்தைத் தொட்டாள், சிவப்பு வந்தது. இரண்டாவதைத் தொட்டாள், மறுபடியும் சிவப்பு. மூன்றாவதில் பச்சை வந்ததும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். ஏன் படிக்காமல் தொடுகிறாய் என்று கேட்டதற்கு, "பச்சை வர்ற வரைக்கும் தொட்டாப் போதும் டீச்சர், கடைசியில எல்லாருக்கும் நட்சத்திரம் கிடைக்கும்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை; அந்தச் செயலி அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. இதே மாணவி வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்று, கிணற்றில் விழுந்த தேங்காய் மிதக்கிறது, அதைவிட எடை குறைந்த கூழாங்கல் ஏன் மூழ்குகிறது என்று என்னிடம் கேட்டவள். அப்படிக் கேட்கத் தெரிந்த குழந்தை திரையைக் கண்டதும் கேட்பதை நிறுத்திவிட்டாள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஊடாடும் ஊடகங்களால் குழந்தைகளின் சிந்தனைத் திறன் வளரும் என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். குழந்தை தொடுகிறது, திரை பதில் தருகிறது என்பது மட்டும் ஊடாட்டம் ஆகிவிடுமா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. தான் நம்புவது சரிதானா என்று தானே சோதித்துப் பார்க்கவும், காரணம் சொல்லவும், தவறு என்று தெரிந்தால் கருத்தை மாற்றிக்கொள்ளவும் எட்டு முதல் பத்து வயதுக் குழந்தைகளைப் பழக்குவதற்கு இந்தக் கருவிகளை வகுப்பில் உண்மையாகவே பயன்படுத்திப் பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால், எந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று விரிவாக எழுத வேண்டுகிறேன். 40 நிமிடப் பாடவேளை, ஒரே திரை, இரண்டு வகுப்புகள் என்ற என் சூழலை மனத்தில் வைத்து எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: கணித ஆசிரியர், தஞ்சாவூர்

வணக்கம் அம்மா. நீங்கள் சொல்லும் மாணவியைப் போன்றவர்கள் என் வகுப்பிலும் உண்டு. ஊகித்துத் தொடுவதற்கு விலையே இல்லாத இடத்தில் குழந்தை ஊகிக்கத்தான் செய்யும். ஆகவே நான் முதலில் மாற்றியது கருவியைத்தான். சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லும் செயலிகளை ஒதுக்கிவிட்டு, "இப்படிச் செய்தால் இது நடக்கும்" என்று காட்டுவதோடு நின்றுவிடும் சிமுலேஷன்களுக்கு மாறினேன்.

அவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற சிமுலேஷன் தொகுப்பு. 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. கட்டணம் இல்லை. ஒரு முறை தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும் என்பதால் உங்கள் பிற்பகல் வகுப்புக்கும் ஒத்துவரும். அதில் சீசாப் பலகையை வைத்து ஒரு சிமுலேஷன் இருக்கிறது. பலகையின் இரு பக்கமும் செங்கற்களை வைக்கலாம். எத்தனை செங்கல், நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை நாமே முடிவு செய்யலாம். பலகைக்கு அடியில் இரண்டு தாங்கிகள் நின்று அதை அசையாமல் பிடித்திருக்கும். தாங்கிகளை நாம் எடுத்த பிறகுதான் பலகை சாயும். இந்தத் தாங்கிகள்தாம் எனக்குக் கிடைத்த பெரிய வரம். அவை நிற்கும்வரை விடை தெரியாது. அந்த இடைவெளியில்தான் என் பாடம் முழுவதும் நடக்கிறது.

செங்கற்களை வைத்துவிட்டு, ஒவ்வொரு குழந்தையும் தன் குறிப்பேட்டில் "இடப்பக்கம் இறங்கும்", "வலப்பக்கம் இறங்கும்", "சமமாக நிற்கும்" ஆகிய மூன்றில் ஒன்றை எழுதி, அதற்கு அருகில் "ஏனென்றால்" என்று தொடங்கி ஒரு வரி எழுத வேண்டும் என்பேன். எழுதி முடிக்கும்வரை திரையை யாரும் தொடக் கூடாது. பிறகு மாறுபட்ட விடை எழுதிய இருவரை எழுப்பி, ஒருவர் காரணத்தை மற்றவர் திருப்பிச் சொல்லுமாறு கேட்பேன். அதற்குப் பிறகே தாங்கிகள் எடுக்கப்படும்.

இடப்பக்கம் நான்காவது கோட்டில் 10 கிலோ, வலப்பக்கம் இரண்டாவது கோட்டில் 20 கிலோ என்று வைத்த நாளில், ஏறக்குறைய வகுப்பு முழுவதும் வலப்பக்கம் இறங்கும் என்று எழுதியிருந்தது. பலகை நேராக நின்றது. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன், "சார், பலகை கெட்டுப்போச்சு" என்றான். அவனை நான் திருத்தவில்லை. கெட்டுப்போனதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். அன்றைய பாடவேளையின் மீதி அந்த ஒரு கேள்விக்கே போயிற்று. 10 கிலோவும் 10 கிலோவும் சம தூரத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு சிறுமி சொன்னாள். ஒரு கருவியை நம்பலாமா என்று சோதிக்கும் முறையை அவள் தானாகவே கண்டுபிடித்தாள் என்பதை இன்றும் மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தத் தராசுக் கணக்கை வைத்துக் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளர் 1976இல் வெளியிட்ட முடிவுகள் எனக்குக் கண் திறப்பாக அமைந்தன. ஐந்து வயதுக் குழந்தைகள் எடையை மட்டுமே பார்க்கிறார்கள். தூரம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே எடையும் தூரமும் மோதும் கணக்குகளை எத்தனை முறை செய்து காட்டினாலும் அவர்களுக்குப் பயன் குறைவு. ஆனால் தூரத்தையும் எண்ணிப் பார்க்க முதலில் பழக்கிய பிறகு அதே கணக்குகளிலிருந்து அவர்களும் கற்றுக்கொண்டார்கள். எட்டு வயதுக் குழந்தைகளுக்கு அந்த முன்பழக்கம் தேவைப்படவில்லை. இதைப் படித்த பிறகு நான் ஒரு சிறு பயிற்சியைச் சேர்த்தேன்: பலகையைப் பத்து விநாடி காட்டிவிட்டுத் திரையை அணைத்துவிடுவேன், பார்த்ததை நினைவிலிருந்து வரைய வேண்டும். செங்கற்களின் எண்ணிக்கையைச் சரியாக வரைந்து, இடத்தைத் தப்பாக வரையும் குழந்தைகள் யார் என்று அப்போதே தெரிந்துவிடும். அவர்களுக்குத் திரையில் நிகழ்வது காட்சியாக மட்டுமே இருந்திருக்கும்.

பிற்பாடு, சந்தையில் பழைய கோல் தராசைக் கொண்டு எடை நிறுத்ததைப் பார்த்த தாத்தா பாட்டிகளிடம், ஒரே ஓர் எடையை வைத்துப் பல அளவுகளை எப்படி நிறுத்தார்கள் என்று கேட்டு வரச் சொன்னேன். எடையைக் கோலில் நகர்த்துவார்கள் என்ற பதிலோடு வந்தவர்கள் அந்த நகர்த்தலுக்கான காரணத்தையும் தாங்களே சொன்னார்கள்.

பதில் 2: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், விருதுநகர் மாவட்டம்

தஞ்சாவூர் நண்பரின் முறையை மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் ஒரு கேள்வியை இங்கே வைக்காமல் இருக்க முடியவில்லை. ஓர் அடிக்கோல், அதன் நடுவில் ஒரு பென்சில், இரு பக்கமும் வைக்கப் புளியங்கொட்டைகள் இருந்தால் அதே பாடத்தை நடத்திவிடலாமே. அதற்குத் திரை எதற்கு?

வீம்புக்காக நான் இதைக் கேட்கவில்லை. என் கேள்விக்கு ஓரளவு விடை தரும் ஆய்வு ஒன்று உண்டு. லாரா டிரையோனாவும் டேவிட் கிளாரும் 2003இல் நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் செய்தது அது. ஒரு குழுவுக்கு உண்மையான சுருள்வில்களும் எடைகளும் கையில் தரப்பட்டன. இன்னொரு குழுவுக்கு அதே பொருள்கள் கணினித் திரையில் தரப்பட்டன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துச் சோதிக்கும் முறையை இரு குழுவினரும் ஒரே அளவுக்குக் கற்றுக்கொண்டார்கள். திரை இருப்பதால் சிந்தனை கூடிவிடவும் இல்லை. திரையால் அது மழுங்கிவிடவும் இல்லை. என் அனுபவமும் அதையே சொல்கிறது. ஆசிரியர் என்ன கேட்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தக் கேள்வியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "ஏன்? எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் போதும், குழந்தை தானே கண்டுபிடித்துவிடும் என்று நான் பல ஆண்டுகள் நம்பினேன். சென், கிளார் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு என்னை மாற்றிற்று. இரண்டாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரையிலான குழந்தைகளிடம் சாய்தளம், சுருள்வில், நீரில் மூழ்கும் பொருள்கள் ஆகியவற்றை வைத்து அவர்கள் ஆராய்ந்தார்கள். கேள்விகளை மட்டும் கேட்ட குழுவில் பெரிய முன்னேற்றம் இல்லை. இரண்டு காரணிகளை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று சொல்ல முடியாது என்பதை எடுத்துக்காட்டோடு வெளிப்படையாக விளக்கி, அதன்பின் கேள்வியும் கேட்ட குழுவே நன்றாக முன்னேறியது. அவர்களுள் நான்காம் வகுப்பினர் ஏழு மாதம் கழித்து வேறு கணக்குகளிலும் அந்த முறையைப் பயன்படுத்தினார்கள். ஆகவே, அம்மா, உங்கள் நான்காம் வகுப்புக்கு இது பொருத்தமான பருவம். சொல்லித்தர வேண்டியதைச் சொல்லித்தரத் தயங்க வேண்டாம். குழந்தை எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, வீட்டில் பேசிப் பழக ஆளில்லாத பிள்ளைக்கு அநீதியாக முடிகிறது.

கைப்பொருளுக்கும் திரைக்கும் இடையே நான் காணும் வேறுபாடு ஒன்று உண்டு. அடிக்கோல் வளைந்திருக்கும், பென்சில் உருளும், புளியங்கொட்டைகள் ஒரே எடையில் இரா. எதிர்பார்த்தது நடக்காதபோது தவறு நம் கணிப்பிலா, அளவையிலா, பொருளிலா என்று குழந்தைகள் வாதாட வேண்டியிருக்கும். திரையில் எல்லாம் பிசகில்லாமல் நடப்பதால் அந்த வாதத்துக்கு இடமே எழுவதில்லை. மறுபுறம், கையால் செய்ய முடியாதவற்றுக்குத் திரையை விட்டால் வழியில்லை. ஓராண்டில் நிழலின் நீளம் எப்படி மாறுகிறது என்பதை ஐந்து நிமிடத்தில் காட்ட வேண்டுமானால், நானும் திரையைத்தான் நாடுவேன். முதல் வாரம் கையில், இரண்டாம் வாரம் திரையில் என்று வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

பதில் 3: குழந்தைகளுக்கு நிரலாக்கம் கற்பிக்கும் தன்னார்வலர், கோயம்புத்தூர்

நான் பள்ளி ஆசிரியை அல்லள். வார இறுதிகளில் ஒரு நூலகத்தில் ஸ்கிராட்ச் கற்பிக்கிறேன். குழந்தைகள் வண்ணக் கட்டைகளை அடுக்கி, திரையில் உள்ள பூனை உருவத்தை இயக்கும் நிரல்களை எழுதுவதற்காக அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட கருவி இது. 8 முதல் 16 வயதினரை எண்ணி உருவாக்கியது. அதனினும் சிறியவர்களுக்காக, 5 முதல் 7 வயதினருக்கென 2014இல் ஸ்கிராட்ச் ஜூனியர் வந்தது. அதன் கட்டைகளில் சொற்கள் இல்லை, படங்கள் மட்டுமே என்பதால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் உள்ள குழந்தையும் பயன்படுத்த முடியும். இரண்டும் இலவசம்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் நான் குழந்தைகளைச் சுதந்திரமாக விட்டேன். ஒரு மணி நேரமும் பூனைக்கு வண்ணம் மாற்றுவதிலும் பின்னணிப் படம் தேடுவதிலும் போயிற்று. அது அவர்களுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் நான் எண்ணிவந்த பயிற்சி நடக்கவில்லை. கருவி படைப்பாற்றலுக்கு இடம் தருகிறது என்பதால் சிந்தனைப் பயிற்சியும் தானாக வந்துவிடும் என்று நினைத்தது என் தவறு.

இப்போது நான் பிழை உள்ள ஒரு நிரலைக் கொடுத்துத் தொடங்குகிறேன். நிரலை ஓடவிடும் பச்சைக் கொடியை அழுத்துவதற்கு முன்னால், பூனை என்ன வரையும் என்று நிரலைப் படித்துத் தாளில் வரைய வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு முக்கோணம். "100 அடி முன்னே போ, 90 பாகை திரும்பு" என்பதை நான்கு முறை செய்தால் சதுரம் வரும் என்று எல்லாரும் கண்டுகொண்ட பிறகு, சமபக்க முக்கோணம் வரையக் கேட்பேன். அதன் கோணம் 60 பாகை என்று தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் உடனே 60 என்று போட்டு மூன்று முறை செய்வார்கள். திரையில் மூடாத ஓர் உருவம் வரும். அறுகோணத்தின் பாதி அது. "எண் சரிதானே அக்கா, ஏன் மூடலை?" என்ற கேள்வி அப்போது எழும். சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை. யாரும் தப்பு என்று சொல்லவில்லை. தான் நினைத்த உருவமும் வந்த உருவமும் வேறாக இருக்கின்றன என்பதை மட்டும் குழந்தை பார்க்கிறது.

அந்த இடத்தில் நான் திரையை விட்டு எழுப்பிவிடுவேன். வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிய முக்கோணம் வரைந்து அதன் மேல் நடக்கச் சொல்வேன். மூலையில் நின்று, தான் பார்த்துக்கொண்டிருந்த திசையிலிருந்து எவ்வளவு திரும்புகிறோம் என்பதை உடம்பால் உணரும்போது, திரும்பும் அளவு வேறு, உள்ளே இருக்கும் கோணம் வேறு என்பது பிடிபடுகிறது. ஒரு சுற்றில் மொத்தம் 360 பாகை திரும்புகிறோம், மூன்று மூலைக்குப் பகிர்ந்தால் 120 என்று ஒருவராவது சொல்லிவிடுவார். சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய தோழர்களும் 1967இல் குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கினார்கள்; கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும் ஆமை பின்னர் அதில் சேர்ந்தபோது, அந்த ஆமையின் இடத்தில் தன்னை வைத்துக் குழந்தை யோசிக்க வேண்டும் என்றே எண்ணினார்கள். பிழையைக் கண்டு ஒளிக்காமல் அதைத் துருவிப் பார்க்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு ஒரே திரை என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். தலைக்கு ஒரு கருவி இருந்தபோது என் குழந்தைகள் பேசிக்கொள்ளவே இல்லை. மூவருக்கு ஒன்று என்று குறைத்த பிறகுதான், அடுத்து எந்தக் கட்டையை வைப்பது என்று ஒருவருக்கொருவர் காரணம் சொல்லத் தொடங்கினார்கள்.

பதில் 4: ஆரம்பப் பாடசாலை ஆசிரியை, மட்டக்களப்பு

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எங்கள் பிள்ளைகளின் ஆரம்பக் கல்வி முழுவதையும் ஆட்கொண்டிருப்பதால், விடையைச் சரியாகத் தெரிவு செய்வதே கல்வி என்ற எண்ணம் பெற்றோரிடமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மாதிரி வினாத்தாளில் பழகிய பிள்ளைக்கு நீங்கள் சொன்ன செயலி புதிதாக எதையும் கற்பிப்பதில்லை. வினாத்தாள் பழக்கியதையே அது இன்னும் விரைவாகச் செய்ய வைக்கிறது.

மற்றவர்கள் அறிவியலையும் கணிதத்தையும் சொல்லிவிட்டார்கள். நான் தரம் 4 பிள்ளைகளோடு தமிழ் மற்றும் சுற்றாடல் பாடங்களில் செய்துவரும் ஒன்றைச் சொல்கிறேன். இக்காலப் பிள்ளைகள் காணொளியில் கண்டதை, கண்ணால் கண்டது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். "ஏமாறாதே" என்று அறிவுரை சொல்லி அதை மாற்ற முடியவில்லை. ஆகவே ஏமாற்றும் படத்தை அவர்களையே எடுக்க வைத்தேன்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில் பாடசாலை முற்றத்தில் தேங்கியிருந்த சிறு நீர்க்குட்டையைக் கைபேசியில் படம் எடுக்கச் சொன்னேன். ஒரு குழுவின் படத்தைப் பார்ப்பவர் அதைப் பெரிய குளம் என்று நம்ப வேண்டும். மற்றக் குழுவின் படத்தைப் பார்ப்பவர் அது ஒரு கையளவு நீர் என்று நம்ப வேண்டும். தரையோடு தரையாகக் கமராவை வைத்தவர்கள், கரையை வெட்டிவிட்டவர்கள், காகிதத் தோணியை மிதக்கவிட்டவர்கள் என்று பிள்ளைகள் கண்டுபிடித்த உத்திகள் என்னை வியக்க வைத்தன. பிறகு படங்களைத் தரம் 3 பிள்ளைகளுக்குக் காட்டி, எது எவ்வளவு பெரிது என்று கேட்டார்கள். தாங்கள் எடுத்த படத்தை மற்றவர்கள் நம்புவதை நேரில் கண்ட பிள்ளை, அடுத்த முறை ஒரு படத்தைப் பார்க்கும்போது "இதன் ஓரத்தில் என்ன இருந்திருக்கும்?" என்று கேட்கிறது. இந்தக் கேள்வியை நான் கற்பிக்கவில்லை.

இதோடு ஓர் உண்மைக் கதையையும் சொல்வதுண்டு. 1917இல் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் கொட்டிங்லி என்ற ஊரில், 16 வயதான எல்சி, 9 வயதான பிரான்சஸ் என்ற இரு சிறுமிகள் தேவதைகளோடு நிற்பதுபோல் புகைப்படம் எடுத்தார்கள். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டொயிலே அவற்றை உண்மை என நம்பி 1920இல் சஞ்சிகையில் எழுதினார். தேவதைகள் அட்டையில் வரைந்து வெட்டித் தொப்பி ஊசியால் நிறுத்தப்பட்டவை என்பதை அவர்கள் 1983இல்தான், முதுமையில், ஒப்புக்கொண்டார்கள். பிரான்சஸ் தங்களைப் போன்ற வயதுடையவள் என்பது பிள்ளைகளை வெகுவாக ஈர்க்கிறது. அந்தப் படங்களைத் திரையில் பெரிதாக்கி, தேவதைகளின் உடையில் காற்று அசைந்திருக்கிறதா, பின்னால் அருவி எப்படித் தெரிகிறது என்று அவர்களே தேடுகிறார்கள். பெரிய துப்பறிவாளனைப் படைத்தவர் ஏன் நம்பினார் என்று ஒரு பிள்ளை கேட்டது. அவர் நம்ப விரும்பினார் என்று இன்னொரு பிள்ளை பதில் சொன்னது.

கேள்வி கேட்டவர்: மூன்று வாரங்களுக்குப் பிறகு

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உடனே பதில் எழுதாமல், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

தலைமையாசிரியர் ஐயா சொன்னபடி முதல் வாரம் அடிக்கோலும் புளியங்கொட்டையும், அடுத்த வாரம் சீசாச் சிமுலேஷன் என்று நடத்தினேன். அடிக்கோல் வகுப்பில் ஒரே ஒழுங்கீனம். ஆனால் "உன் கொட்டை பெரிசு, அதான் இறங்குது" என்று எழுந்த சண்டையை நிறுத்தாமல் விட்டதில், கொட்டைகளை மாற்றி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் சொன்னான். அப்போதுதான் ஒன்றை மட்டும் மாற்றுவது என்பதை நான் வெளிப்படையாக விளக்கினேன். சிமுலேஷன் வகுப்பு அமைதியாக நடந்தது. நினைவிலிருந்து வரையச் சொன்னபோது 23 பேரில் ஒன்பது பேர் செங்கல்லின் இடத்தைத் தவறாக வரைந்திருந்தார்கள். அவர்களுள் வகுப்பின் முதல் மாணவியும் ஒருத்தி. அவள் எல்லாவற்றையும் கவனிக்கிறாள் என்றே நான் இதுவரை நினைத்திருந்தேன்.

ஆனால் எதிர்பாராத ஒரு சிக்கல் எழுந்திருக்கிறது. பலகை சாய்ந்ததும், தவறாகக் கணித்த குழந்தைகள் சட்டென்று குறிப்பேட்டில் எழுதியதை அழித்துவிட்டுச் சரியானதை எழுதிக்கொள்கிறார்கள். கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. தவறான விடையை அழிக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கியவர்களுள் நானும் ஒருத்தி. அத்துடன், எழுத இன்னும் திணறும், அரும்பு எனப்படும் தொடக்கக் கற்றல் நிலையில் உள்ள நான்கு பிள்ளைகள் "ஏனென்றால்" என்ற வரியைப் பார்த்ததுமே ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது என்பது அவர்கள் கைகளை அசைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதிலிருந்து தெரிகிறது. இந்த இரண்டுக்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: கணித ஆசிரியர், தஞ்சாவூர்

அழிக்கும் சிக்கல் எனக்கும் இருந்தது. பென்சிலை வாங்கி வைத்துவிட்டுப் பேனாவால் எழுதச் சொன்னேன். அதற்குக் கீழே "மாற்றிக்கொண்டேன், ஏனென்றால்" என்று இன்னொரு வரியையும் சேர்த்தேன். பக்கத்தைத் திருத்தும்போது மேல் வரிக்கு மதிப்பெண் எதுவும் போடுவதில்லை. கீழ் வரியை மட்டுமே படித்துக் கையொப்பம் இடுகிறேன். இரண்டு வாரத்தில் அழிப்பது நின்றது. ஓரிரு குழந்தைகள் கீழ் வரியை நிரப்புவதற்காகவே வேண்டுமென்று தவறாகக் கணிக்கத் தொடங்கினார்கள். காரணத்தையும் நம்பும்படி எழுத வேண்டும் என்றதும் அதுவும் குறைந்தது.

எழுதத் திணறும் பிள்ளைகளுக்குத் தரையில் மூன்று வட்டம் வரைந்து, இடம், வலம், சமம் என்று படம் போட்டு, அவரவர் பெயர் ஒட்டிய பாட்டில் மூடியை அதில் வைக்கச் சொல்லுங்கள். வைத்த மூடியை எடுக்கக் கூடாது. காரணத்தைப் பக்கத்தில் இருக்கும், நன்றாக எழுதத் தெரிந்த மலர் நிலைப் பிள்ளையிடம் வாயால் சொல்ல, அந்தப் பிள்ளை எழுத வேண்டும்; எழுதியதைப் படித்துக் காட்டி, "நான் சொன்னது இதுதான்" என்று சொன்னவர் ஒப்புக்கொண்ட பிறகே தாங்கிகளை எடுங்கள்.